முன்வரிசைத் தாளம்

மணக்குள விநாயகர் மேல் சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. அப்படியும் நம்பாதவர்களுக்காக மாதா கோயில் மேலும் ஒரு சத்தியம் போட்டு வைக்கிறேன்.

பாட்டுக்காரர் பாக்கியலட்சுமிக்கு ‘நாதச்சுடர்’ பட்டம் கொடுத்த அன்று எழுந்த கைதட்டலில், கடற்கரைச் சாலைக் காக்கைகள் எல்லாம் பறந்துபோய், ஊருக்கு வெளியே இருக்கிற வீராம்பட்டினத்தில்தான் உட்கார்ந்தன. அப்பேர்ப்பட்ட கச்சேரி.

முடிந்து வெளியே வந்த ஆரோக்கியம், சுக்குக் காப்பி இரண்டு வாங்கி ஒன்றைச் சாமிக்கண்ணுவின் இடது கையில் கொடுத்தார். இரண்டு பேரும் ரிட்டயர்டு. அந்தம்மா எங்கே பாடினாலும் முன்வரிசையில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி.

"கல்யாணி எப்படி?" என்றார் ஆரோக்கியம்.

"அதுக்கு இன்னா குறைச்சல்? ஒவ்வொரு சுரத்தையும் உக்கார வெச்சு, தண்ணி குடுத்து, நலம் விசாரிச்சுட்டு இல்ல அனுப்புது."

"மத்ததுங்க பஸ்ஸுல ஆளை ஏத்தற மாதிரி தள்ளுதுங்க."

சாமிக்கண்ணு சிரிக்கவில்லை. "ஆனா அந்தம்மா கண்ணைப் பாத்தியா?"

"திறந்தாத்தானே பாக்கறதுக்கு?" என்றார் ஆரோக்கியம். "முன்னல்லாம் நம்மளப் பாத்து ஒரு தலையாட்டு ஆட்டும். இப்ப கொஞ்ச நாளா மூடினது மூடினதுதான். பட்டம் வரப்போவுதுன்னு தெரிஞ்சிருக்கும். தலைக்கனம்."

"முன்னாடி உக்காந்து தாளம் போடறவன் மூஞ்சியைப் பாக்கக்கூடப் புடிக்கல. அப்புறம் நான் எதுக்கு வரணும்? இனிமே வரல, ஆரோக்கியம்."

ஆரோக்கியம் காப்பியைப் பாதியில் நிறுத்திவிட்டு, சாமிக்கண்ணுவின் வலது கையைப் பார்த்தார்.

போன வருஷம் சாமிக்கண்ணுவுக்கு வலது பக்கம் வாதம் அடித்தது. கதிர்காமம் ஆஸ்பத்திரியில் கைக்கு வேலை கொடுக்கச் சொல்லி ஒரு ரப்பர் பந்தைத் தந்தார்கள். மனுஷன் அதைத் தொடவே இல்லை. தெரு நாய்தான் கவ்விக்கொண்டுபோய்ப் பயிற்சி எடுத்தது. செத்துக் கிடந்த கை முதன்முதலாக அசைந்தது பாக்கியலட்சுமி கச்சேரியில், ஆதி தாளத்துக்கு. வீட்டில் வீம்பு பிடிக்கிற அந்தக் கை, கச்சேரியில் மட்டும் தொடையில் விழும், புரளும், விரல் எண்ணும்.

கச்சேரி நின்றால் கையும் நின்றுவிடும்.

மறுநாள் காலையில் ஆரோக்கியம் சாரம் பகுதியில் இருக்கிற பாக்கியலட்சுமி வீட்டு வாசலில் நின்றார்.

"வாங்கண்ணா" என்று அந்தம்மாவே நாற்காலியில் கிடந்த பொன்னாடைகளை அள்ளி இடம் கொடுத்தார்.

"உக்கார வரலம்மா. சாமிக்கண்ணு இனிமே கச்சேரிக்கு வரமாட்டேங்கறான். ஒரே ஒரு தடவை கண்ணைத் திறந்து அவனைப் பாத்துப் பாடிடும்மா. அது போதும்."

"அது மட்டும் என்னால முடியாதுண்ணா."

"பட்டம் அவ்வளவு கனமாவா இருக்குது?" கேட்டே விட்டார்.

அந்தம்மாவுக்குக் கோபம் வரவில்லை. "மாசி மகத்துக் கச்சேரியில பல்லவியில தடுமாறினேனே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. வயசாயிடுச்சுன்னு பேசிக்கிட்டோம்."

"நீங்களுமா? சரி. அன்னைக்கு அவர் கையைப் பாத்துட்டேண்ணா. மனசுல அவருக்குத் தாளம் சரியாத்தான் ஓடுது. கை வந்து சேர்றதுக்குள்ள பின்தங்கிடுது. கண்ணுக்கு நேரா ஒரு கை பின்தங்கி விழுந்துக்கிட்டே இருந்தா எனக்குப் பாட்டு வழுக்கிடுது. அதான் மூடிக்கிறேன்."

"தாளம் தப்புதுன்னு அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா."

"சொன்னா போடறதை நிறுத்திடுவாரேண்ணா."

ஆரோக்கியத்தின் வாயில் நன்றி சொல்ல ஒரே ஒரு பிரெஞ்சு வார்த்தைதான் வந்தது. "மெர்சிம்மா." கூப்பிய கையை இறக்காமலே படியிறங்கினார். செருப்பை விட்டுவிட்டு வந்தது பாதித் தெரு தாண்டித்தான் தெரிந்தது. தெரிந்தும் திரும்பவில்லை. வெறுங்காலோடு நேராகச் சாமிக்கண்ணு வீட்டுக்குப் போனார்.

"யோவ், அந்தம்மாவைப் பாத்துட்டு வரேன். நீ முன்னாடி உக்காந்திருக்கற தைரியத்துலதான் அது கண்ணையே மூடுதாம்."

"நெசமாவா?"

"மத்தவன் போட்டா திறந்து வெச்சுக் கவனிக்கணுமாம். உன் கை இருந்தா பாக்கவே வேணாமாம்."

சாமிக்கண்ணு மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "நான் அப்பவே நெனைச்சேன்யா. நீதான் தலைக்கனம் கிலைக்கனம்னு என் மனசைக் கெடுத்த. எவ்ளோ பெரிய மனசு அந்தம்மாவுக்கு. நம்ம கையை நம்பிப் பாடுது பாரு."

"தப்புதான்யா" என்றார் ஆரோக்கியம்.

அடுத்த கச்சேரி. சாமிக்கண்ணு முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஊருக்கே தான்தான் பொறுப்பு என்பதுபோலத் தாளம் போட்டார். மேடையில் பாக்கியலட்சுமி கண்ணை மூடினார். விஷயம் தெரிந்துபோனதில் ஆரோக்கியத்தின் பார்வை பக்கத்துக் கையை விட்டு நகரவில்லை. வர்ணம் முடிவதற்குள் அவருடைய தாளமும் குப்புற விழுந்தது. வேறு வழியில்லாமல் அவரும் கண்ணை மூடிக்கொண்டார்.

விலாவில் ஒரு இடி.

"தூங்கறியா?" சாமிக்கண்ணு காதுக்குள் சீறினார். "தாளம் தெரியலன்னா என் கையைப் பாத்துப் போடுய்யா."

ஆரோக்கியம் கண்ணை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டார்.

சாமிக்கண்ணுவின் வலது கை இப்போதுதான் சட்டைப் பொத்தான் போடத் தொடங்கியிருக்கிறது. அதனால் இது உங்களோடு இருக்கட்டும். யார் சொன்னது என்று எவராவது குடைந்தால், காற்றுவாக்கில் வந்தது என்று சொல்லிவிடுங்கள். என் பெயர் மட்டும் வேண்டாம்.