கழுவாத கை

பாராட்டுப் பத்திரம் பாதி படிக்கிறப்ப உள்ள மிஷின் நின்னுபோச்சு.

கானாவுல, தெமா ஊர்ல எங்க சோப்பு ஃபேக்டரி. அன்னைக்கு எம்.டி. குவான்சா ஐயா ரிட்டயர் ஆகுறாரு. முற்றத்துல பந்தல், மேடையில கேக்கு, ஐயா தோள்ல பொன்னாட மாதிரி கெந்தே துணி. கேன்டீன்ல சோளமாவு பாங்கு உருண்ட பிடிச்சுப் பிடிச்சு என் தோள்பட்ட கழண்டு கெடக்கு. அதுக்கு எவனும் துணி போத்தல.

ஆபீசர் ஒருத்தர் மைக்குல படிக்கிறாரு. "குமாசியில இன்ஜினியரிங் முடிச்சு, ஆணி கம்பெனிக்குத் தலைவரா இருந்து, அப்புறம் தீப்பெட்டி கம்பெனி, பிளாஸ்டிக் நாற்காலி கம்பெனி, இப்ப நம்ம சோப்பு கம்பெனி..."

"ஆணி அடிச்சு வீட்டக் கட்டி, தீய வச்சு, நாற்காலி போட்டு வேடிக்க பாத்து, கடைசியில கையக் கழுவிட்டாரு"ன்னேன். பக்கத்துல ஃபேக்டரி கதவ ஒட்டி நின்ன வாட்ச்மேன் அட்டாவுக்குப் பொற ஏறிடுச்சு.

அப்பதான் அந்த சத்தம் நின்னுச்சு.

சோப்புல பேரு குத்துற அச்சு மிஷின் அது. அவசர ஆர்டருன்னு அன்னைக்கும் அத மட்டும் ஓட்டினாங்க. ஓட்டினது அராபா.

புது எம்.டி. பெடியாக்கோவுக்கு மூஞ்சி செவந்துபோச்சு. "ஃபிட்டருங்க எங்க?"

அவனுங்க எங்க? என் கேன்டீன்லதான். "உங்களுக்குத்தான் மொதப் பந்தி"ன்னு மூணு பேருக்கும் அராபாவே தட்டு கொண்டாந்து குடுத்திருந்தா. முழங்கை வரைக்கும் வெண்டைக்காய் கொழம்பு. அந்தக் கையோட ஸ்பேனரப் பிடிச்சா, ஸ்பேனரு பக்கத்து ஃபேக்டரியில போய் விழும்.

மேடையில குவான்சா ஐயா எந்திரிச்சாரு.

"பெல்ட்டு"ன்னாரு.

"ஐயா, நீங்க போயி..."ன்னு பெடியாக்கோ குறுக்க வந்தாரு.

"சத்தத்துலயே தெரியுதுய்யா, பெல்ட்டுதான்." கெந்தே துணிய எடுத்து என் கையில குடுத்துட்டு, கோட்டக் கழட்டிக்கிட்டே உள்ள போயிட்டாரு. நானும் துணியத் தூக்கிக்கிட்டு பின்னாலயே ஓடினேன்.

எங்க ஊர்ல பெரிய மனுஷன் கையில குடை இருக்கக் கூட விடமாட்டாங்க. பையத் தூக்க ஒருத்தன், கதவத் தொறக்க ஒருத்தன். மூக்கு சிந்த மட்டும்தான் ஆள் போடல. ஐயா தெனம் காலையில அராபாகிட்ட வந்து, "ஏதாவது கோளாறாம்மா?"ம்பாரு. "இல்லீங்கய்யா, நல்லா ஓடுது"ம்பா. "நல்லது"ம்பாரு. ஆனா மூஞ்சி தொங்கிப்போயிடும். ஒருக்கா ஆசையா ஒரு ஸ்பேனர எடுத்துட்டாரு. "ஐயா, நாங்க எதுக்கு இருக்கோம்!"னு மூணு ஃபிட்டரும் பாஞ்சு பிடுங்கிட்டானுங்க.

அன்னைக்குப் பிடுங்க ஆள் இல்ல.

வெள்ளச் சட்டையோட மிஷினுக்கு அடியில படுத்தாரு. அராபா டார்ச்சு பிடிச்சா. கொஞ்ச நேரத்துல சீட்டி அடிக்கிற சத்தம். யாருடான்னு பாத்தா, ஐயாதான்! பெல்ட்ட முறுக்கினாரு, தளத்தினாரு, மறுபடி முறுக்கினாரு. எனக்கே தெரியுது, அது அவ்வளவு நேரம் பிடிக்கிற வேல இல்லன்னு.

மிஷின் ஓடுச்சு. ஐயா வெளிய வந்தாரு. நெத்தியில கிரீஸு, சட்டையில கிரீஸு, ரெண்டு கையும் கருப்பு, வாயெல்லாம் பல்லு. இத்தன வருஷம் சோறு போட்டவ நான், அந்தப் பல்ல அன்னைக்குத்தான் பாக்குறேன்.

அதுக்குள்ள பெடியாக்கோ ஓடியாந்தாரு. சோப்பு ஃபேக்டரியில சோப்புக்கா பஞ்சம்? ஒரு கட்டிய எடுத்து நீட்டினாரு.

"இருக்கட்டும்யா. கொஞ்ச நேரம் இப்படியே இருக்கட்டும்"னு ஐயா தன் கைய எட்டத் தள்ளிப் பிடிச்சு, திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டு நின்னாரு.

பெடியாக்கோ அராபா பக்கம் திரும்பினாரு. "பெல்ட்ட நீதான் கழட்டினியாம். அட்டா கதவு வழியா கண்ணால பாத்திருக்கான்."

எனக்குப் புரிஞ்சுபோச்சு. போன மாசம் அவ அக்கா மகளுக்கு வேல கேட்டா, ஐயா முடியாதுன்னுட்டாரு. "பாத்துக்கறேன்"னு மொணங்கிட்டுப் போனவ, நல்ல நாளாப் பாத்துப் பழி வாங்கிட்டா. பாவி.

"சொல்லுடி, இல்லன்னு சொல்லு"ன்னேன். பொய்யாவது சொல்லட்டும், புருஷன் இல்லாதவ, ரெண்டு பிள்ள. அவ டார்ச்ச அணைச்சு ஓரமா வச்சா.

"திங்கக்கெழமையிலேருந்து வராத"ன்னுட்டாரு பெடியாக்கோ.

"பெல்ட்டு பழசுய்யா. தானா தளந்துடுச்சு"ன்னாரு ஐயா.

"அட்டா பாத்திருக்கானே ஐயா!"

"அட்டாவா? என் காரு கிட்ட வந்து இடிச்சாத்தான் அவனுக்குக் காருன்னே தெரியும். உள்ள படுத்துப் பாத்தவன் நான் சொல்றேன். அவ வேலைய விட்டுப் போகக் கூடாது. நீங்க போயி கேக்க வெட்டச் சொல்லுங்க."

பெரியவரு சொன்னா மறுத்துப் பேச முடியுமா? பெடியாக்கோ போயிட்டாரு.

ஐயா அராபாவப் பாத்தாரு. "வேணும்னுதானே கழட்டின?"

அவ தலையக் குனிஞ்சுக்கிட்டா. "எல்லாரும் என்னென்னமோ குடுத்தாங்கய்யா. குடுக்க என்கிட்ட இந்த மிஷின்தான் இருந்துச்சு."

ஐயா அந்தக் கருப்புக் கையவே பாத்துக்கிட்டிருந்தாரு. அப்புறம் கேட்டாரு.

"தெனமும் வந்து கேட்டேனேம்மா... ஒருநாளாவது முன்னாடியே கழட்டியிருக்கக் கூடாதா?"