ஆணியில் தொங்கிய கால்

காப்பீட்டு நிறுவனம் ரோஸ்லினுக்குக் கொடுத்த செயற்கை வலது கால், உள்ளே பொருத்திய கருவி வழியாக அவள் வைக்கும் ஒவ்வொரு அடியையும் அவர்களிடம் கோள்மூட்டிவிடும். நன்றாக நடந்தால் குறை தீர்ந்துவிட்டது என்று, அவள் பெயரில் போட்டுவரும் ஓய்வுக்காலப் பணத்தை நிறுத்திவிடுவார்கள். அதனால் வீட்டுக்குள் வந்ததும் காலைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத் தரையிலேயே நகர்வாள்.

"வீட்லயாச்சும் போட்டுக்கோயேன்" என்பான் கணவன் சேவியர்.

"வயசான காலத்துல யாருகிட்டப் போயி கையேந்துறது?"

மகள் ஜெமி இரண்டு வயதாகியும் நடக்கவில்லை. "காலுக்கு ஒண்ணுமில்லம்மா, நல்லாத்தான் இருக்கு" என்று டாக்டர் அனுப்பிவிட்டார்.

அன்று மாலை அடுப்படியிலிருந்து ரோஸ்லின், "வாடி தங்கம்" என்று கூப்பிட்டாள். அப்போதுதான் கவனித்தாள். ஜெமி தன் வலது காலை அடியில் மடித்து ஒளித்துக்கொண்டு, இரண்டு கைகளையும் தரையில் ஊன்றி, அம்மாவைப் போலவே நகர்ந்து வந்தாள், சிரித்துக்கொண்டே.