ஊருணியின் சொல்

எண்ணெய்க் குழாயை ஊருணிக்கு அடியில் பதிக்கலாமா என்று முடிவு செய்ய அன்று கூட்டம் கூடியிருந்தது. நீர்நிலை வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அதை யாரும் மீற முடியாத காலம் அது. மேடையில் வைத்திருந்த சிறு கருவி வழியாக ஊருணி பேசும். தண்ணீர் எடுக்க வந்த பெண்களிடமிருந்தே அது பேச்சைக் கற்றிருந்தது.

முன்வரிசையில் இருந்த மங்களேஸ்வரி நாத்தனார் பக்கம் சாய்ந்தாள்.

"யாரு கேட்டாலும் தண்ணி குடுத்தே பழகுனது. இந்தக் குழாய்க்காரங்களுக்கும் சரின்னு சொல்லிருமோ?"

"உங்ககிட்ட பேசக் கத்துக்கிட்டது, மதினி. மறுத்துப் பேசவா தெரியாது?" என்றாள் நாத்தனார்.

குழாய் கசியவே கசியாது என்று பொறியாளர் ரிஸ்வான் அரை மணி நேரம் விளக்கினார். ஊருணி பொறுமையாகக் கேட்டது.

"தம்பி, செருப்பைக் கரையில விட்டுட்டு, சுடுமண்ணுல நடந்து என்னைய அளந்தீங்க. நல்ல புள்ள. ஆனா குழாய் வேணாம். கசிஞ்சுட்டா இவளுக குடத்தைத் தூக்கிக்கிட்டு எங்க போவாளுக?"

பந்தலே கைதட்டியது. ரிஸ்வான் மட்டும் தலைகுனிந்து உட்கார்ந்தார். இனிக் குழாய் போக வேண்டிய சுற்றுவழி பதினோரு கிலோமீட்டர் கருவேலங்காடு. முதலிலிருந்து அளக்க வேண்டும். மங்களேஸ்வரி அவர் முகத்தைப் பார்த்தாள். கேட்ட வரத்தைக் கொடுத்த கடவுள், அதோடு ஒரு வேலையும் கொடுத்திருப்பதாக அவளுக்குத் தோன்றியது.

மறுநாள் காலை அளவுக்கருவியோடு ரிஸ்வான் காட்டோரம் வந்தபோது, ஏழு பெண்கள் அரிவாளோடு முள்ளை வெட்டி வழி செய்துகொண்டிருந்தார்கள்.

"எங்களுக்குத் தெரிஞ்ச காடுதான்," என்றாள் மங்களேஸ்வரி. "பின்னாலயே வாங்க, தம்பி."