பம்பரும் முருங்கைக்கீரையும்

“புருஷன் ஒரு நாள் லீவுல வூட்ல இருந்தா போதும், அவன் உசுரை எடுத்துடுவா இந்த வினிதா!”

மதில் ஓரமாக உட்கார்ந்து மீன் கழுவிக்கொண்டிருந்த பிரிசில்லா முணுமுணுத்தாள்.

பக்கத்து வீட்டு வாசலில் வினிதாவின் கணவன் அரசுவின் கார் நின்றது. முதல் நாள் திருவிடந்தை கிட்ட, குறுக்கே வந்த மாட்டுக்கு ஒதுங்கப் போய், ரோட்டில் வைத்திருந்த இரும்புத் தடுப்பில் முட்டிவிட்டான். பம்பர் ஒரு பக்கம் தொங்கியது. அதற்குப் பின்னால் இருந்த தகடு உள்ளே ஒடுங்கிப் போயிருந்தது.

சாயங்காலம் மாமல்லபுரத்தில் அவன் அக்கா மகளுக்கு நிச்சயதார்த்தம். இவன்தான் தாய்மாமன். தொங்குகிற பம்பரோடு போய் இறங்கினால் மாப்பிள்ளை வீட்டார் முன்னால் என்ன மரியாதை? கேளம்பாக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை எந்த மெக்கானிக் ஷெட்டும் திறக்கவில்லை. தானே தட்டி எடுத்துவிடுவது என்று சுத்தியலோடு இறங்கிவிட்டான்.

கூட ஒத்தாசைக்குப் பிரிசில்லாவின் கணவன் தர்மராஜ்.

“மச்சான், பேட்டரி ஒயரைக் கழட்டிட்டேன். இனிமே ஏர்பேக்கும் வெடிக்காது, ஒண்ணும் வெடிக்காது. நீ உள்ள குந்திகினு பிரேக்கை மிதிச்சுக்கோ. வண்டி ஆடாம இருக்கும்” என்றான் அரசு.

தர்மராஜ் டிரைவர் சீட்டில் ஏறி, ஸ்டீயரிங் மேல் மோவாயை வைத்துக்கொண்டான்.

“நீ தட்டு மச்சான். சத்தம் கேட்டா நான் முழிச்சுக்கறேன்.”

அரசு சுத்தியலை ஓங்கினான்.

“இன்னாங்க! கொழம்புல உப்பு கரெக்டா கீதான்னு பார்த்துட்டுப் போங்க!” வீட்டுக்குள்ளிருந்து வினிதா.

“நீயே பாரேன்.”

“எனக்குச் சளி புடிச்சிகினு கீது. நாக்குல ஒண்ணும் தெரியல.”

சுத்தியலைத் தரையில் வைத்துவிட்டு உள்ளே போனவன், போன வேகத்தில் திரும்பினான்.

“உப்பே போடல மச்சான்! அதுல இன்னாத்த பாக்கறது?”

மறுபடியும் சுத்தியலை எடுத்தான். இந்த முறை வினிதா வாசலுக்கே வந்துவிட்டாள்.

“தர்மண்ணா, நீங்க சும்மாத்தானே குந்திகினு கீறீங்க. அந்த முருங்கையில ரெண்டு கொத்து கீரை ஒடிச்சுக் குடுங்களேன். எனக்கு எட்டல.”

தர்மராஜ் மறுபேச்சில்லாமல் இறங்கினான்.

பிரிசில்லாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ‘கட்டின பொண்டாட்டி ஒரு கேன் தண்ணி தூக்கச் சொன்னா இடுப்பு வலி. பக்கத்து வூட்டுக்காரி கேட்டா மரமே ஏறுவாரு!’

“அவரு வர்றதுக்குள்ள நீங்க பரண்ல இருந்து பெரிய அண்டாவை எறக்கிக் குடுங்க” என்றாள் வினிதா அரசுவிடம்.

“ரெண்டு பேருக்கு அண்டாவுல இன்னாடி ஆக்கப் போறே?”

“எறக்குங்களேன், சொல்றேன்.”

எறக்கினான். அவள் அண்டாவைத் தூசி தட்டி அப்படியே ஓரமாக வைத்தாள்.

தலையெல்லாம் ஒட்டடையோடு வெளியே வந்தவன் கையில் அடுத்ததாகப் போனைத் திணித்தாள்.

“எங்கம்மா. மாப்பிள்ளைகிட்டப் பேசணுமாம்.”

மாமியார் போனை யார் வெட்ட முடியும்? சுத்தியலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அரசு வாசலில் நடந்தான். “நல்லா கீறேன் அத்தை... சாப்ட்டேன் அத்தை... இங்க மழை இல்ல அத்தை...”

பிரிசில்லாவால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. மீனை மூடி வைத்துவிட்டு, கை கழுவிக்கொண்டு, வினிதாவின் சமையலறைக்கே போய்விட்டாள்.

“ஏண்டி, உனக்கு மனசாட்சி கீதா? சாயந்தரம் தாய்மாமனா சபையில நிக்க வேண்டிய மனுஷன், ஒரு வேலைய முடிக்க உடறியா? அதுவாவது உன் புருஷன். என் புருஷனை எதுக்குடி வண்டிய உட்டு எறக்கினே? இன்னிக்கு முருங்கைக்கீரை ஆக்கலன்னா குடி முழுகிப் போயிடுமா?”

வினிதா வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“அக்கா, காலையில அவரு ரிப்பேர் வீடியோ ஒண்ணு பார்த்தாரு. தள்ளித் தள்ளிப் பார்த்தாரு. நான் வெங்காயம் உரிச்சிகினே முழுசாப் பார்த்தேன். பேட்டரிய கழட்டினாலும் ஏர்பேக்குக்குப் போற கரண்ட் கொஞ்ச நேரம் உள்ளயே தங்கியிருக்குமாம். அது வடியறதுக்குள்ள முன்பக்கம் ஓங்கித் தட்டினா, வண்டி எங்கியோ மோதிடுச்சுன்னு ஏர்பேக்கு வெடிச்சாலும் வெடிச்சிடுமாம். இவரு வெளிய நிக்கிறாரு, தப்பிச்சிடுவாரு. அண்ணன்தான் ஸ்டீயரிங் மேலயே மூஞ்சிய வெச்சிகினு குந்தியிருந்தாரு.”

பிரிசில்லா அவள் கையைப் பிடித்து உலுக்கினாள்.

“பாவி! இதை வாயைத் தொறந்து சொல்றதுக்கு இன்னா?”

“சொன்னேன்க்கா. ‘மெக்கானிக்குக்கே பாடம் எடுப்பே போலக்கீதே’ன்னு ரெண்டு பேரும் சிரிச்சாங்க. இன்னொரு தரம் சொல்லியிருந்தா, எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு காட்டறதுக்காகவே ஓங்கி ஒரு போடு போட்டிருப்பாங்க. நான் நல்லது சொன்னா வராதவங்க, உப்பு பாக்கக் கூப்பிட்டா வராங்களே!”

வாசலில், “சரிங்க அத்தை, வெச்சிடறேன் அத்தை” என்று அரசுவின் குரல் கேட்டது. கீரையைத் திண்டில் போட்டுவிட்டுத் தர்மராஜ் மறுபடியும் வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தினான்.

“இன்னும் எவ்ளோ நேரம்டி போவணும்?”

“ரெண்டு மூணு நிமிஷம்க்கா.” வினிதா கையைப் பிசைந்தாள். “எனக்கு வேற வேலை ஒண்ணும் தோணலக்கா.”

பிரிசில்லா செருப்பைக் கூடப் போடாமல் வாசலுக்கு ஓடினாள்.

“ஏங்க! ரெண்டு பேரும் ஓடியாங்க, நம்ம வூட்டுக்குள்ள பாம்பு பூந்துடுச்சு! தம்பி அரசு, அந்தச் சுத்தியலையும் கையோட எடுத்துகினு வா!”