பாதி பிஸ்கட்

மாநிலத்தில் இரண்டு மாதமாக அரசு ஊழியர் யாருக்கும் சம்பளம் போடவில்லை. உதவி கேட்டு நாட்டின் தலைநகருக்குப் போனபோது, மத்திய அமைச்சர் தன் கையாலேயே முதல்வர் மங்கையர்க்கரசிக்குத் தேநீர் ஊற்றினார். எத்தனை கோடி வேண்டுமானாலும் தருகிறோம், ரேஷன் கடைகளை மட்டும் மூடிவிடுங்கள் என்றார். காலையிலிருந்து எதுவும் சாப்பிடாத முதல்வர் கோப்பையைத் தொடவில்லை. தேநீரில் ஆடை படிந்தது. மொழிபெயர்க்க உடன் வந்திருந்த செயலாளர் கந்தவேள் பக்கம் முதல்வர் திரும்பினார். அந்தப் பசியிலும் குரல் பிசிறவில்லை.

“சம்பந்தம் பேசப் போன வீட்ல, முடிவாகுற வரைக்கும் நாங்க கை நனைக்கிறதில்ல. கடைய மூட முடியாது. அப்படியே அவர்கிட்ட சொல்லுங்க.”

கந்தவேள் கையிலிருந்த பாதி பிஸ்கட்டை மெதுவாகத் தட்டில் திரும்ப வைத்தார். வாயிலிருந்த மறுபாதியை விழுங்கலாமா என்றுதான் அவருக்குத் தெரியவில்லை.