நாலாவது குசினி

"குசினிய நான் பாத்துட்டு வாரேன். நீங்க எல்லாரும் வெளியவே இருங்க."

சொல்லி வாய் மூடுமுன் தெரேசம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ரோஷானிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவிசாவளை டவுனில் அவர்கள் பார்க்கிற நாலாவது மாடிவீடு இது. ஒவ்வொரு வீட்டிலும் மாமியார் இதே கூத்துதான். ஹோலைப் பார்ப்பதில்லை, படுக்கிற அறையைப் பார்ப்பதில்லை. நேரே குசினிக்குள் புகுந்து கதவைச் சாத்துவாள். கால் மணி நேரம் கழித்து வெளியே வந்து, "இது சரிப்படாது" என்பாள்.

முதல் வீட்டில் சிங்க் சின்னதாம். இரண்டாவதில் தண்ணீர்க் குழாய்க்கும் அடுப்புக்கும் ரொம்பத் தூரமாம். எவ்வளவு தூரம்? நாலு எட்டு! தெஹியோவிட்ட தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்து, ஐம்பத்திரண்டு வயதுவரை பீலித் தண்ணீருக்கு வரிசையில் நின்று குடம் சுமந்த மனுஷிக்கு, நாலு எட்டு தூரமாகிவிட்டது. மூன்றாவதில் மேடைக் கல் வழுக்குகிறதாம்.

"அப்ப மேடையில ஏறி ஆடவா போறோம்?" என்று ரோஷானி அன்றைக்குக் கேட்டே விட்டாள். மாமியார் காதில் விழாத மாதிரி பஸ் ஏறிவிட்டாள்.

புரோக்கர் ஆகில் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "தம்பி, பின்னேரம் இன்னொரு ஆள் பார்க்க வாராங்க. இண்டைக்குள்ள முடிவு சொல்லுங்க."

"கொஞ்சம் பொறுங்க ஆகில் நானா" என்றான் ரெஜினோல்ட்.

ரோஷானி புருஷனை ஓரமாக இழுத்தாள். "உங்கம்மாவுக்கு நாம தோட்டத்த விட்டுப் போறது புடிக்கல. அத வாயத் தொறந்து சொல்லாம, வீட்டு மேல பழியப் போடுறாங்க."

"சும்மா இரு. அப்பிடியெல்லாம் இல்ல."

"பின்ன என்னவாம்? சமைக்கப் போறது நானு. பாக்கிறது அவங்களா?"

ரெஜினோல்ட்டின் பார்வை ஒரு கணம் அவளுடைய வலது கைக்குப் போய்த் திரும்பியது.

இரண்டு வருடத்துக்கு முன், ரப்பர் ஷீட் அடிக்கிற ரோலரில் சிக்கிய கை. கட்டைவிரல் மட்டும்தான் மிச்சம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் மாமியார் அவளை அடுப்புப் பக்கம் விட்டதில்லை. விடியுமுன் எழும்பி, சோறும் கறியும் ஆக்கி வைத்துவிட்டுத்தான் மரத்தில் பால் வெட்டப் போவாள். லயமே மெச்சியது. ரோஷானிக்கு மட்டும் அந்தச் சோறு தொண்டையில் இறங்க மறுத்தது. தன் கையாலேயே உலை வைக்க வேண்டும், அதற்கு ஒரு குசினி வேண்டும். அவள் ஆசையெல்லாம் அவ்வளவுதான்.

மாமியாருக்கு வேலை முடிய இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. அதுவரை தோட்டத்தில்தான் தங்க வேண்டும். தனியாக இருக்கப் பயந்துதான் இந்தத் தடங்கலெல்லாம் என்று ரோஷானி முடிவே கட்டிவிட்டாள்.

இந்த வீடும் கைநழுவினால் இனி ரெஜினோல்ட் வீடு பார்க்க வரவே மாட்டான். இன்றைக்கு முகத்துக்கு நேரே கேட்டுவிடுவது என்று போய்க் கதவைத் தள்ளினாள்.

"மாமி, நாங்க இங்க வாரது உங்களுக்கு..."



தெரேசம்மாவின் வலது கை இடுப்போடு சேர்த்துக் கட்டியிருந்தது. முந்தானையைச் சுற்றி, பல்லால் கடித்து இறுக்கிய முடிச்சு. இடது கையை மட்டும் வைத்துக்கொண்டு, வீட்டுக்காரரின் சோற்றுப் பானையைத் தண்ணீரோடு சிங்கிலிருந்து தூக்கி, அடுப்புக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தாள். நெற்றியெல்லாம் வேர்வை. பானை அடுப்பில் உட்கார்ந்த பிறகுதான் திரும்பிப் பார்த்தாள்.

"என்ன மாமி இது?"

"நான் தோட்டத்துல கெடப்பேன். அவன் வேலைக்குப் போயிருவான். இங்க ஒனக்கு யாரு பிள்ள, கூட ஒரு கை புடிப்பா?"

ரோஷானிக்குக் கண் முட்டியது. சாத்திய கதவுகளுக்கு வெளியே நின்று மனசுக்குள் திட்டித் தீர்த்ததையெல்லாம் நினைக்க வெட்கமாக இருந்தது. பெற்ற தாய் இருந்திருந்தால்கூட இப்படி யோசித்திருப்பாளா என்று தோன்றியது. கிட்டப் போய், தன் இடது கையால் அந்த முடிச்சை மெல்ல மெல்ல அவிழ்த்தாள்.

தெரேசம்மா சிவந்து கிடந்த மணிக்கட்டைத் தேய்த்துவிட்டபடி சொன்னாள்:

"மூணு வீட்டுலயும் பானை கைய விட்டு நழுவிருச்சு பிள்ள. இங்க நழுவல. ரெஜிகிட்ட சொல்லு, இதையே எடுப்போம்."