வெறும் நெற்றி

நாமம் இடக் குழைத்து விரலில் எடுத்த திருமண் காய்ந்து வெடிக்கிறது. செங்கல்பட்டில் முழங்கை ஆபரேஷன் ஆகி, நேற்றுத்தான் மாவுக்கட்டைப் பிரித்திருக்கிறார்கள். பெருமாள் கோயில் கைங்கரியக்காரர் உப்பிலி முற்றத்து வெயிலில் கண்ணாடிமுன் உட்கார்ந்து வலக்கையைத் தூக்குகிறார். அது மார்பளவு வந்து, துருப்பிடித்த கீல்போல நின்றுவிடுகிறது. குனிந்து பார்க்கிறார், நெற்றி எட்டவில்லை. இடக்கையால் நாமம் இட மனம் வரவில்லை. தென்னைகளுக்கு அப்பால் கடல் ஓயாமல் இரைகிறது. “நான் இட்டுவிடறேனே,” என்கிறாள் மனைவி பெருந்தேவி. “கையாலாகாதவன்னு ஊருக்குச் சொல்லணுமா? போடி உள்ளே!”

வாசலில் நிழல் விழுகிறது. இப்போது அவர் வேலையைப் பார்க்கும் பட்டாபி, பிரசாதத் தூக்கோடு உள்ளே கால் வைக்கிறான். உப்பிலியின் வெறும் நெற்றியைக் கண்டதும் திடுக்கிட்டுக் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறான். தூக்கு அவன் முதுகுக்குப் பின்னால் போகிறது. “நெத்தியில திருமண் இல்லையே, சாவுத் தீட்டா மாமா? தெரியாம வந்துட்டேனே. யார் போயிட்டா?”

“ஐயோ, யாரும் போகலைடா, உள்ளே வா,” என்று பெருந்தேவி பதறிக்கொண்டு ஓடிவருகிறாள். உப்பிலி மடியில் வந்து விழுந்த வலக்கையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.